வரி மிச்சத்துக்காக மெஷின் வாங்கலாமா?

கோவை கணபதியில் மச்சானோடு கூட்டாக ஜாப் ஒர்க் பட்டறை (பெரிய கம்பெனிகளுக்குக் கூலிக்குப் பாகங்கள் செய்து கொடுப்பது) நடத்தும் வாசகர் ஒருவர் நீளமாக எழுதிக் கேட்டிருக்கிறார். சுருக்கமாக இதுதான்: "ஆறு மெஷின் ஓடுகிறது. கார், டூவீலர் பாகங்களுக்கு டர்னிங் (கடைசல்) வேலை. பார்ட்னர்ஷிப் ஃபர்ம். எங்கள் சம்பளம் எடுப்பதற்கு முன் வருஷத்துக்கு 30 லட்சம் லாபம் நிற்கும். புதிதாக ஒரு சி.என்.சி.க்கு, அதாவது கம்ப்யூட்டரில் ஓடும் கடைசல் மெஷினுக்கு, 40 லட்சம் கொட்டேஷன் வந்திருக்கிறது, அதில் 30 லட்சம் பேங்க் லோன். மார்ச் 31க்குள் இறக்கினால் வரி மிச்சம் என்கிறார் ஆடிட்டர். அரசு வரியைக் குறைக்கிறது, முதலீட்டுக்கு லட்சம் கோடிக் கணக்கில் ஒதுக்குகிறது, நாடு வளரும்போது நாமும் வளரலாம், வாங்கிப் போடு என்கிறான் மச்சான். எனக்குத்தான் தைரியம் வரவில்லை. பில் போட்டு நாலு மாதம் கழித்துத்தான் பணம் வருகிறது. என்ன செய்ய?"

நேராகவே சொல்லிவிடுகிறேன். வரிக்காக வாங்காதீர்கள். இரண்டாவது ஷிஃப்ட் ஓட்டும் அளவுக்கு ஆர்டர் கையில் இருந்தால் மார்ச் வரை காத்திருக்க வேண்டாம், இன்றைக்கே வாங்குங்கள். ஆர்டர் இல்லையென்றால் எந்த வரிச்சலுகையும் அந்த மெஷினின் தவணையைக் கட்டாது. ஏன் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன் என்றால், உங்கள் பட்டறையில் நடக்கப்போகிற இதே கணக்கு 2019இல் நாடு முழுவதும் ஒருமுறை நடந்து முடிந்துவிட்டது.

2019 செப்டம்பர் 20ஆம் தேதி நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் கம்பெனிகளுக்கான வரியை 30 சதவீதத்திலிருந்து 22 ஆகக் குறைத்தார், சர்சார்ஜும் செஸ்ஸும் சேர்ந்தால் 25.17 வரும். புதிதாகத் தொடங்கும் உற்பத்திக் கம்பெனிக்கு 15 சதவீதம்தான் என்றார். அரசுக்கு இதனால் வருஷத்துக்கு 1.45 லட்சம் கோடி ரூபாய் வருமானம் குறையும் என்று அரசே சொன்னது. கையில் பணம் நின்றால் கம்பெனிகள் ஃபேக்டரி கட்டும், மெஷின் வாங்கும், வேலை பெருகும் என்பதுதான் எதிர்பார்ப்பு. நடந்தது வேறு. பல கம்பெனிகள் அந்தப் பணத்தில் கடனை அடைத்தன, கையிருப்பைக் கூட்டிக்கொண்டன, புதிய முதலீடு கிளம்பவில்லை என்று அடுத்த வருஷம் ரிசர்வ் வங்கியே தன் ஆண்டறிக்கையில் எழுதியது. கார்ப்பரேட் வரி வசூல் 6.64 லட்சம் கோடியிலிருந்து 5.57 லட்சம் கோடிக்கு இறங்கியது. அந்த நிதியாண்டில் பொருளாதார வளர்ச்சி சுமார் 4 சதவீதம், அதற்கு முந்தைய வருஷம் அது ஆறரை. இத்தனைக்கும் கொரோனா ஊரடங்கு வந்தது அந்த நிதியாண்டின் கடைசி வாரத்தில்தான்.

காரணம் ரொம்ப எளிது. அந்த ஜூலை முதல் செப்டம்பர் வரை நாட்டின் ஃபேக்டரிகள் தங்கள் திறனில் 70 சதவீதத்துக்கும் கீழேதான் ஓடிக்கொண்டிருந்தன. வண்டி விற்பனை படுத்துக் கிடந்த நேரம், உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அந்த வருஷம் தீபாவளிக்கு முன்னால் குறிச்சி சிட்கோ தொழிற்பேட்டையில் ஒரு பட்டறைக்குப் போயிருந்தேன். எட்டு மெஷினில் மூன்றின் மேல் பிளாஸ்டிக் உறை போட்டுக் கயிறு கட்டியிருந்தார்கள், ஓடிக்கொண்டிருந்த ஐந்தும் மத்தியானம் நிற்கும் என்றார் முதலாளி. இருக்கிற மெஷினுக்கே வேலை இல்லாதவரிடம் வரியில் எட்டு சதவீதம் குறைத்துக் கொடுத்தால் அவர் ஒன்பதாவது மெஷின் வாங்குவாரா? கடனைத்தான் அடைப்பார். நானும் அதைத்தான் செய்திருப்பேன்.

இன்னொன்றையும் கவனியுங்கள். அந்தக் குறைப்பு கம்பெனிகளுக்கு மட்டும். உங்களைப் போன்ற பார்ட்னர்ஷிப் ஃபர்முக்கு அன்றும் 30 சதவீதம், இன்றும் 30 சதவீதம், செஸ் சேர்த்து 31.2. கோவை, திருப்பூர், ஈரோட்டில் சிறிய பட்டறைகளில் பெரும்பாலானவை தனியாள் தொழிலாகவோ பார்ட்னர்ஷிப்பாகவோதான் நடக்கின்றன, அத்தனை பேரையும் அந்தச் சலுகை தாண்டிப் போய்விட்டது. எனக்கு இதில் இன்றுவரை வருத்தம்தான். மெஷின் வாங்கினால் உடனே ஆள் சேர்க்கிறவர்கள் இவர்கள்.

மச்சான் சொல்வதில் ஒரு பாதி சரி. வரிக் குறைப்பு வளர்ச்சியைத் தரும், ஆனால் எந்த வரியை, யாருக்கு, எந்த நேரத்தில் என்பதைப் பொறுத்தே தரும். 2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி.யில் 350 சி.சி. வரையிலான டூவீலருக்கும் சின்ன கார்களுக்கும் வரி 28இலிருந்து 18 ஆனது, டிராக்டருக்கு 12இலிருந்து 5. இது கம்பெனி லாபத்தில் கொடுத்த சலுகை இல்லை, ஷோரூம் வாசலில் நிற்கிறவருக்கு விலையில் இறங்கிய பணம். வண்டி விற்றால் ஹப் வேண்டும், ஷாஃப்ட் வேண்டும், பெரிய கம்பெனியின் ஆர்டர் ஒரு கை மாறி, இரண்டு கை மாறி உங்கள் டேபிளுக்கு டிராயிங்காக வந்து சேரும். அதேபோல 2025 பட்ஜெட்டில் புதிய வரி முறையில் 12 லட்சம் வரை வருமான வரி இல்லை என்றாக்கியதும் செலவழிக்கிற கைகளுக்குப் போன பணம்தான். உங்களுக்கு அதில் நேரடியாகவே ஒரு பங்கு இருக்கிறது, கீழே கணக்கில் வருகிறது.

அதற்காக வரியைக் குறைத்துக்கொண்டே போனால் போதும் என்று நினைத்துவிடக் கூடாது. இந்தியா கார்ப்பரேட் வரியைக் குறைத்த அதே 2019இன் கடைசியில் இலங்கை மதிப்புக்கூட்டு வரியை 15இலிருந்து 8 சதவீதமாக, ஏறக்குறையப் பாதியாக வெட்டியது. அரசு வருமானம் சரிந்தது. அதோடு கோவிட், பழைய வெளிநாட்டுக் கடன், 2021இன் ரசாயன உரத் தடை எல்லாம் சேர, 2022 ஏப்ரலில் வெளிக்கடனைத் திருப்பிக் கட்ட முடியாது என்று அறிவிக்க வேண்டிய நிலை. விலைவாசி ஏற்றம் ஒரு கட்டத்தில் 70 சதவீதத்தை ஒட்டிப் போனது. 2024 ஜனவரியில் அதே வரியை 18 சதவீதமாக ஏற்றினார்கள். 8 சதவீதத்தில் கொஞ்ச நாள் மூச்சு விட்ட யாழ்ப்பாணத்துக் கடைக்காரர் கடைசியில் பழைய 15க்கும் மேலே கட்ட வேண்டியதாயிற்று.

சரி, அரசு முதலீட்டுக்கு வருவோம். மத்திய அரசின் மூலதனச் செலவு, அதாவது ரோடு, ரயில் மாதிரி நிலைத்து நிற்பவற்றுக்குப் போடும் பணம், 2019-20இல் சுமார் 3.36 லட்சம் கோடி. 2025-26 பட்ஜெட்டில் 11.21 லட்சம் கோடி. மாநிலங்களுக்கு 50 வருஷ வட்டியில்லாக் கடனாகத் தரும் 1.5 லட்சம் கோடியும் இதில் அடக்கம். டெல்லியில் உள்ள தேசியப் பொது நிதி மற்றும் கொள்கை நிறுவனத்தின் ஆய்வு ஒன்று, இந்தியாவில் அரசு ஒரு ரூபாய் மூலதனச் செலவு செய்தால் உற்பத்தி 2.45 ரூபாய் கூடுகிறது, அதே ரூபாயை மானியம் மாதிரி நேராகக் கொடுத்தால் 98 பைசாதான் கூடுகிறது என்று கணக்கிட்டது. இந்த எண்ணை அப்படியே வேதவாக்காக எடுக்க வேண்டாம், ஆனால் திசை சரி. ரயில்வே வேகன் கேட்டால் வேகன் கம்பெனி வார்ப்படத்துக்கு ஆர்டர் போடும், ஃபவுண்டரி அதைக் கடையக் கொடுக்கும், கடைகிறவர் டூல் வாங்குவார், ஆள் எடுப்பார். ரோடு, பாலம், மின்பாதை வந்தால் நாளைக்குத் தனியார் ஃபேக்டரி அங்கே வரும். வரிக் குறைப்பு பணத்தை மிச்சம் பிடித்துத் தருகிறது, முதலீடு வேலையைக் கொண்டுவருகிறது.

ஆனால் அந்த வேலை கணபதிக்கு வருமா என்பது தனிக் கேள்வி. ரோடு போடும் பணத்தில் பெரும்பகுதி சிமெண்ட், கம்பி, ஜே.சி.பி. பக்கம் போகிறது. உங்களுக்கு வருவது டூவீலர், கார் வேலை. அதனால் பட்ஜெட் பேச்சில் வரும் 11 லட்சம் கோடியைப் பார்த்து முடிவெடுக்க வேண்டாம். உங்கள் இரண்டு பெரிய கஸ்டமரின் பர்ச்சேஸ் ஆளைப் பார்த்து, அடுத்த ஆறு மாதத்துக்கு மாத ஷெட்யூல் எவ்வளவு, எந்த வண்டிக்கு என்று கேளுங்கள். எழுத்தில் வாங்குங்கள்.

இப்போது ஆடிட்டர் சொன்ன வரி மிச்சம். உற்பத்தி செய்பவர் புது மெஷின் வாங்கினால் வழக்கமான 15 சதவீதத் தேய்மானத்தோடு கூடுதலாக 20, ஆக மெஷின் விலையில் 35 சதவீதத்தை முதல் வருஷமே லாபத்திலிருந்து கழித்துக் காட்டலாம். செகண்ட்ஹேண்ட் மெஷினுக்கு அந்த 20 கிடையாது, ஜாப் ஒர்க் உற்பத்திக் கணக்கில் வருமா என்பதையும் ஆடிட்டரிடம் உறுதி செய்துகொள்ளுங்கள். மெஷினை அந்த நிதியாண்டில் 180 நாளுக்குக் குறைவாக ஓட்டியிருந்தால் பாதிதான் கிடைக்கும். மார்ச்சில் இறக்கினால் 40 லட்சத்தில் பதினேழரை சதவீதம், 7 லட்சம். "7 லட்சத்துக்கு 31.2 சதவீதம், இரண்டே கால் லட்சம் போல மிச்சம்" என்று மனக்கணக்குப் போடத் தோன்றும். அங்கேதான் தவறு நடக்கிறது.

உங்கள் 30 லட்சத்தில் பார்ட்னர் சம்பளமாக சட்டம் அனுமதிப்பது முதல் 6 லட்சத்தில் 90 சதவீதம், மீதியில் 60 சதவீதம். மொத்தம் 19.8 லட்சம், ஆளுக்கு 9.9. பார்ட்னர்ஷிப் பத்திரத்தில் அதற்கு வழி எழுதியிருந்து, இரண்டு பேருக்கும் வேறு வருமானம் இல்லையென்றால், புதிய முறையில் உங்களுக்கும் மச்சானுக்கும் வரி சுழியம். நான் மேலே சொன்ன பங்கு இதுதான். ஃபர்மில் நிற்கும் 10.2 லட்சத்துக்கு மட்டும் சுமார் 3.18 லட்சம் வரி. மெஷின் வாங்கி 7 லட்சம் கழித்தால் லாபம் 23 ஆகிறது, அனுமதிக்கும் சம்பளமும் 15.6 ஆகக் குறைகிறது, ஃபர்மில் 7.4 லட்சம் நிற்கிறது, வரி 2.31 லட்சம். ஆக இந்த வருஷம் நிஜமான மிச்சம் 87 ஆயிரம் ரூபாய்! விட்டுப்போன பாதி கூடுதல் தேய்மானம் அடுத்த வருஷம் கிடைக்கும், அது கைவிட்டுப் போகாது. ஏப்ரலில் வாங்கி வருஷம் முழுக்க ஓட்டினாலும் இதே லாபத்தில் மிச்சம் 1.75 லட்சம்தான்.

தவணையைப் பாருங்கள். 30 லட்சம், பத்தரை சதவீதம், ஐந்து வருஷம் என்றால் மாதம் சுமார் 64,500. உங்கள் ரேட் மணிக்கு 350 என்று எழுதியிருக்கிறீர்கள். ஒரு ஷிஃப்ட், 26 நாள், 208 மணி நேரம், 72,800 ரூபாய் பில். ஆபரேட்டருக்கு 20 ஆயிரம், கரண்ட், கூலன்ட், டூலுக்கு மணிக்கு 90 வைத்தால் மீதி 34 ஆயிரம். தவணையில் பாதிதான். இரண்டு ஷிஃப்ட்டும் ஒரு மணி நேரம்கூட நிற்காமல் ஓடினால் 68 ஆயிரம் வரும், அப்போதுதான் தவணையை ஒட்டித் தாண்டுகிறது. அதனால்தான் முதலிலேயே இரண்டாவது ஷிஃப்ட் என்று சொன்னேன். மெஷினுக்குக் கட்டும் 18 சதவீத ஜி.எஸ்.டி., 7.2 லட்சம், இன்புட் கிரெடிட்டாகத் திரும்பும், அதாவது நீங்கள் பில்லில் வாங்கிக் கட்ட வேண்டிய ஜி.எஸ்.டி.யில் கழியும், ஆனால் அதைக் கழித்துத் தீர்க்கச் சில மாதங்கள் ஆகும், அந்தப் பணத்தையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, உங்கள் கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் பட்டது அந்த நாலு மாத பாக்கி. இரண்டு ஷிஃப்ட் பில் மாதம் 1.45 லட்சம் என்றால் நாலு மாதத்துக்கு 5.8 லட்சம் அடுத்தவர் கணக்கில் தூங்கும். வரியில் மிச்சமாவதை விட மூன்று மடங்குக்கும் மேல். 2024 ஏப்ரல் 1 முதல் 43பி(எச்) என்ற பிரிவு நடைமுறைக்கு வந்தது (புதிய வருமான வரிச் சட்டத்தில் எண் மாறுகிறது): குறு, சிறு தொழிலுக்குத் தர வேண்டிய பணத்தை, ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாளில், இருந்தால் அதிகபட்சம் 45 நாளில் தராத கம்பெனி, கொடுக்கிற வருஷம் வரை அதைச் செலவாகக் காட்ட முடியாது. நல்ல சட்டம். ஆனால் ஏப்ரல் பில்லை ஆற அமர அடுத்த மார்ச்சில் கொடுத்தாலும் அதே நிதியாண்டுதான் என்பதால் கம்பெனிக்கு வரியில் நஷ்டமில்லை, மார்ச் மாதம் மட்டும் செக் வேகமாக வரும். இந்த ஓட்டையை அரசு அடைக்க வேண்டும், அதற்குப் பட்ஜெட்டில் ஒரு ரூபாய்கூட ஒதுக்க வேண்டியதில்லை.

உங்களிடம் உத்யம் பதிவு (குறு, சிறு தொழில் என்று அரசிடம் செய்யும் பதிவு) இல்லையென்றால் இந்த வாரமே போடுங்கள், எண்ணை ஒவ்வொரு பில்லிலும் அச்சடியுங்கள். 250 கோடிக்கு மேல் விற்றுமுதல் உள்ள கம்பெனிகள் டிரெட்ஸ் என்ற, பில்லைக் காட்டி முன்கூட்டியே பணம் வாங்கும் ஆன்லைன் தளத்தில் பதிவு செய்வது கட்டாயம். கஸ்டமர் அந்த அளவு பெரியவர் என்றால் உங்கள் பில்லை அங்கே ஏற்றச் சொல்லுங்கள், அவர் ஒப்புக்கொண்டதும் பேங்க் கொஞ்சம் வட்டியைப் பிடித்துக்கொண்டு சில நாளில் பணம் தந்துவிடும். ஷெட்யூல் கேட்கப் போகும்போதே இதையும் பேசிவிடுங்கள். மச்சானையும் கூட்டிக்கொண்டு போங்கள், பர்ச்சேஸ் ஆள் என்ன பதில் சொல்கிறார் என்று அவரும் நேரில் கேட்கட்டும்.