உர்சுலா லெ குவின் மிகுபுனைவு இலக்கியத்தில் ஏன் இவ்வளவு முக்கியமானவர்?

அவருடைய ஒரே ஒரு நாவலை வைத்தே சொல்லிவிடலாம். 1968-இல் வெளிவந்த ‘எ விசார்ட் ஆஃப் எர்த்சீ’யின் நாயகன் கெட், ஆடு மேய்த்துத் திரிந்த சிறுவன், செம்பழுப்பு நிறத்தவன். மந்திரவாதி என்றாலே வெள்ளைக்காரத் தாடிக்கிழவர் என்றிருந்த காலம் அது. அந்த உலகில் மந்திரம் என்பது ஒன்றின் உண்மைப் பெயரை அறிவதுதான். செருக்கில் தானே அவிழ்த்துவிட்ட நிழலுக்கு அஞ்சி ஓடும் கெட், பிறகு திரும்பி அதையே துரத்திச் சென்று, தன் சொந்தப் பெயரால் அழைக்கிறான். எத்தனை முறை படித்தாலும் அந்த இடத்தில் எனக்கு மெய்சிலிர்க்கும்.

லெ குவின் 1929-இல் கலிபோர்னியாவில், மானுடவியலாளர் ஆல்ஃபிரட் குரோபரின் மகளாகப் பிறந்தவர். அவரது கற்பனைத் தீவுகளில் சடங்கும் பாட்டும் அவ்வளவு இயல்பாக அமைந்ததற்கு அந்த வீடும் ஒரு காரணம் என்பேன். மந்திரப் பள்ளி என்ற, இன்று எல்லோருக்கும் பழகிப்போன கற்பனையை அந்தத் தீவுகளில் ஒன்றான ரோக்கில் அன்றே எழுப்பிக் காட்டினார். 2004-இல் இந்தக் கதையைத் தழுவிய தொலைக்காட்சித் தொடர் கெட்டை வெள்ளையனாக்கியபோது, வெளிப்படையாகவே கண்டித்து எழுதினார்.