இரண்டு லெஃப்ட் பேக்குகள் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

2019இல் ஸ்காட்லாந்து கால்பந்து அணிக்குப் பயிற்சியாளராக வந்த ஸ்டீவ் கிளார்க்கைப் பாராட்டி நீங்கள் எழுதியதைப் படித்தேன். ஸ்காட்லாந்துக்காக ஆறே ஆட்டம் ஆடிய ரைட் பேக், அதாவது வலது ஓரத் தற்காப்பாளர். அப்புறம் பல வருஷம் மற்றவர்களுக்கு உதவிப் பயிற்சியாளர். அவருடைய அணியும் கோல் வாங்காமல் இருந்தால் போதும் என்றுதான் ஆடுகிறது. இவருக்கு ஏன் இவ்வளவு பாராட்டு?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

ஆறு ஆட்டம் என்பது சரிதான். ஆனால் ஸ்காட்லாந்தின் செயின்ட் மிர்ரன் கிளப்பிலிருந்து 1987இல் லண்டனின் செல்சி கிளப்புக்கு வந்தவர், அங்கே பதினோரு வருஷத்தில் நானூறுக்கும் மேற்பட்ட ஆட்டங்கள் ஆடியிருக்கிறார்.

உதவியாளராக இருந்த காலத்தை நான் வீண் என்று சொல்ல மாட்டேன். குல்லிட், மொரின்யோ, ஜோலா, டால்கிலீஷ் என்று எந்தெந்தப் பயிற்சியாளர்கள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார் பாருங்கள்! மொரின்யோவுடன் இருந்த 2004-05 பருவத்தில் செல்சி லீக்கில் 38 ஆட்டங்களில் வாங்கியது 15 கோல்தான்.

அந்தப் படிப்பு எங்கே உதவியது தெரியுமா? 2019இல் அவர் ஸ்காட்லாந்து பயிற்சியாளராக வந்தபோது ராபர்ட்சன், டியர்னி என்று அருமையான லெஃப்ட் பேக்குகள், இடது ஓரத் தற்காப்பாளர்கள், இரண்டு பேர் இருந்தார்கள். இடமோ ஒன்று. ஒருவரை வெளியே உட்கார வைப்பதுதான் சுலபம். கிளார்க் பின்வரிசையில் மூன்று சென்டர் பேக்குகளை (நடுத் தற்காப்பாளர்களை) நிறுத்தி, அதில் இடதுபக்கம் டியர்னியைப் போட்டார். அவருக்கு முன்னால் இடது ஓரம் முழுவதும் ராபர்ட்சனுக்கு. ஒருவர் மேலே ஓடினால் மற்றவர் பின்னால் காவல். ஓரத்தில் ஓடி ஓடித் தேய்ந்த ஒரு பழைய ஓரத் தற்காப்பாளரின் கண் இதில் இருப்பதாகவே எனக்குப் படுகிறது. 2020 நவம்பரில் பெல்கிரேடில், ஆளில்லாத மைதானத்தில், செர்பியாவைப் பெனால்டியில் வென்றதும் இந்த அமைப்பில்தான். செர்பியாவின் மித்ரோவிச் அடித்ததை ஸ்காட்லாந்து கோல்கீப்பர் மார்ஷல் தடுத்தார். அந்த வெற்றியால் யூரோ என்னும் ஐரோப்பியக் கோப்பைக்குத் தகுதி கிடைத்தது; 1998க்குப் பிறகு ஸ்காட்லாந்து ஆண்கள் அணிக்கு அதுதான் முதல் பெரிய போட்டி.

ஸ்காட்லாந்து அணிக்கு வருவதற்கு முன்னால் கில்மார்னக் என்ற ஸ்காட்லாந்து கிளப். 2017 அக்டோபரில் லீக்கில் கடைசி இடத்தில் கிடந்த அணியை 2019இல் மூன்றாம் இடத்துக்குக் கொண்டுவந்தார்.

தற்காப்பு பற்றிய உங்கள் கோபத்தில் பாதி எனக்கும் உண்டு. 2024 யூரோவில், ஸ்டுட்கார்ட்டில், ஹங்கேரியை வென்றே ஆக வேண்டிய நாளில் அவர் அணி துணிந்து முன்னேறவே இல்லை. 100ஆவது நிமிஷத்தில் கோல் வாங்கி வெளியேறியது. அதை நான் நியாயப்படுத்த மாட்டேன்.

ஆனால் 2025 நவம்பர் 18ஐயும் பாருங்கள். கிளாஸ்கோவின் ஹாம்ப்டன் மைதானத்தில் டென்மார்க்கோடு ஆட்டம். டிரா ஆனால் டென்மார்க் நேராக உலகக் கோப்பைக்குப் போய்விடும்; ஜெயித்தால் ஸ்காட்லாந்து. 90 நிமிஷம் முடிந்தபோது 2-2. நடுவர் ஈடாகச் சேர்த்த சில நிமிஷங்களில், மாற்று ஆட்டக்காரராக இறங்கியிருந்த ஒருவர் பெனால்டி பெட்டிக்கு வெளியிலிருந்து வளைத்து அடித்தார், 3-2. அது டியர்னி, அந்த இரண்டாவது லெஃப்ட் பேக். அப்புறம் மெக்லீன் நடுக்கோட்டுப் பக்கத்திலிருந்தே ஒன்று அடித்து 4-2 ஆக்கினார்.

அன்புடன்.