சர்க்கரைக்குச் செரசிக் கஷாயம் குடிக்கலாமா?

கேள்வி: எனக்கு 46 வயது. கனடாவில் ஸ்கார்பரோவில் இருக்கிறேன். சில வருடங்களாகச் சர்க்கரை நோய்க்கு மெட்ஃபார்மினும் கிளிக்லசைடும் எடுத்துவருகிறேன். கடைசியாகப் பார்த்த மூன்று மாதச் சராசரி (எச்பிஏ1சி) 7.9 சதவீதம். என்னோடு வேலை செய்யும் ஜமைக்கா அக்கா ஒருவர் 'செரசி' என்று காய்ந்த கொடி ஒன்றைத் தந்தார். தினமும் காலையில் வெறும் வயிற்றில் காய்ச்சிக் குடித்தால் சர்க்கரை இறங்கும், இரத்தம் சுத்தமாகும், அரிப்பு போகும் என்கிறார். என் ஏழு வயது மகளுக்கும் பூச்சிக்குக் கொடுக்கலாமாம். இதைக் குடித்துக்கொண்டு மாத்திரையைக் குறைக்கலாமா டாக்டர்?

பதில்: மாத்திரையை நீங்களாகக் குறைக்காதீர்கள். மகளுக்கு அந்தக் கஷாயம் ஒரு வாய்கூட வேண்டாம். முதலில் இந்த இரண்டையும் சொல்லிவிடுகிறேன், காரணத்துக்கு அப்புறம் வருகிறேன்.

அந்த அக்கா தந்தது உங்களுக்குத் தெரியாத செடி இல்லை. செரசி என்பது காட்டுப் பாகல்தான். ஜமைக்காவில் வேலிகளிலும் ஆளில்லாத மனைகளிலும் தானாகவே படர்ந்து கிடக்கும். காய் சின்னது. பழுத்தால் ஆரஞ்சு நிறமாகி வெடித்து விரியும். உள்ளே விதைகளைச் சிவப்புச் சதை மூடியிருக்கும். அந்த இனிப்புச் சதையைப் பிள்ளைகள் சப்பித் தின்பதுண்டு. ஆனால் அங்கே மருந்து என்றால் இலையும் தண்டும்தான். கொடியை ஒரு கைப்பிடி சுருட்டிப் பானையில் போட்டு, தண்ணீர் கறுக்கும் வரை கொதிக்கவிட்டு வடிகட்டுவார்கள். மலச்சிக்கல், காய்ச்சல், வயிற்றுவலி, சர்க்கரை, இரத்த அழுத்தம் என்று எல்லாவற்றுக்கும் அதுதான். சொறி சிரங்குக்கு அதே இலையைக் கொதிக்கவைத்துக் குளிப்பாட்டுவார்கள். ஹெய்ட்டியில் இதே கொடிக்கு அசோசி என்று பெயர். டிரினிடாட்டில், இந்தியாவிலிருந்து கூலிகளாகப் போனவர்களின் வழிவந்தவர்கள் பெரிய காயைக் கரைலி என்று சொல்லி, நம்மைப்போலவே வறுத்துச் சாப்பிடுகிறார்கள்.

இரத்தச் சுத்தம் என்பதை நான் ஒப்புக்கொள்வதில்லை. அந்த வேலையைச் சிறுநீரகமும் ஈரலும் செய்கின்றன. இந்தக் கஷாயம் வயிற்றைப் போக்கும். அந்த லேசான உணர்வைத்தான் சுத்தம் என்கிறார்கள். உங்கள் அரிப்புக்குச் சர்க்கரை கூடியிருப்பதோ, பூஞ்சைத் தொற்றோ காரணமாக இருக்கலாம். தோலைக் காட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

சர்க்கரை விஷயத்தில் மட்டும் அந்த அக்கா சொன்னதை ஒரேயடியாகத் தள்ள முடியாது. 1981-இல் பிரிட்டனில் ஒன்பது சர்க்கரை நோயாளிகளுக்குப் பாகல் சாறு கொடுத்துப் பார்த்தபோது, குளுக்கோஸ் குடித்தபின் ஏறும் சர்க்கரை குறைந்தது. 1985-இல் செரசியையே எலிகளுக்குக் கொடுத்து ஆராய்ந்தார்கள். அதிலும் ஓரளவு பலன் தெரிந்தது. ஆனால் 2012-இல், மருத்துவ ஆய்வுகளைச் சேர்த்து எடைபோடும் காக்ரேன் குழு, பாகலை வைத்து மனிதர்களிடம் முறையாக நடந்த நான்கு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தது. மொத்தம் 479 பேர். சர்க்கரை நோய்க்கு மருந்தாகப் பரிந்துரைக்கும் அளவுக்கு ஆதாரம் இல்லை என்பதே அதன் முடிவு. கொஞ்சம் வேலை செய்கிறது, ஆனால் எவ்வளவு என்று சொல்ல முடியாது. மாத்திரையில் 30 மில்லிகிராம், 60 மில்லிகிராம் என்று அளவு இருக்கிறது. கைப்பிடிக் கொடியில் இன்றைக்கு ஒரு அளவு, நாளைக்கு வேறு அளவு.

உங்கள் விஷயத்தில் என் பெரிய கவலை கிளிக்லசைடு. மெட்ஃபார்மின் மட்டும் என்றால் இவ்வளவு அழுத்திச் சொல்லமாட்டேன். கிளிக்லசைடு கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைக்கும் மாத்திரை. அது மட்டுமே சில நேரம் சர்க்கரையைத் தாழ்த்திவிடும். அதோடு வெறும் வயிற்றில் இந்தக் கஷாயமும் சேர்ந்தால், காரை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போகும் வழியில் சர்க்கரை 4-க்குக் கீழே (கனடாவின் மில்லிமோல் அளவில்) போகலாம். குப்பென்று வியர்க்கும், கை நடுங்கும், நெஞ்சு படபடக்கும், பசி பிடுங்கும். அப்படி வந்தால் வண்டியை ஓரம் கட்டி, மூன்று தேக்கரண்டி சர்க்கரையோ முக்கால் கப் பழச்சாறோ உடனே எடுத்துக்கொண்டு, 15 நிமிடம் கழித்துத் திரும்பப் பாருங்கள். கிளிக்லசைடின் குடும்பத்தைச் சேர்ந்த குளோர்புரோபமைடு மாத்திரையோடு பாகற்காயும் சேர்ந்து சர்க்கரையை இறக்கியதை 1979-லேயே லான்செட் மருத்துவ இதழில் எழுதியிருக்கிறார்கள்.

இனி மகள். இதே கொடியின் கஷாயம் குடித்த இரண்டு குழந்தைகளுக்குச் சர்க்கரை தாழ்ந்து வலிப்பும் மயக்கமும் வந்ததை 1988-இல் ஒரு பிரெஞ்சு மருத்துவ இதழ் பதிவு செய்திருக்கிறது. பூச்சிக்கு மாத்திரை இருக்கிறது, உங்கள் மருத்துவர் எழுதித் தருவார்.

இன்னொன்று. கடையில் 'புஷ் டீ' என்று விற்கும் காய்ந்த இலைக் கலவைகளை வாங்காதீர்கள். 1950-களில் ஜமைக்காவில் சின்னக் குழந்தைகளுக்கு வயிறு வீங்கி ஈரல் கெடும் ஒரு நோய் வந்தது. ஈரலின் நுண்ணிய இரத்தக் குழாய்கள் அடைபட்டிருந்தன. பிராஸ், ஜெலிஃப், ஸ்டூவர்ட் என்ற மருத்துவர்கள் 1954-இல் அதை விவரித்தார்கள். வீட்டில் காய்ச்சிக் கொடுத்த இலைத் தேநீர்தான் காரணம் என்று பிறகு தெரியவந்தது. அதில் முக்கியமான செடி நம் கிலுகிலுப்பையின் இனம். செரசிக்கும் அந்த நோய்க்கும் சம்பந்தமில்லை. ஆனால் காய்ந்து நொறுங்கிய இலையைப் பார்த்து இது எந்தச் செடி என்று என்னாலும் சொல்ல முடியாது, உங்களாலும் முடியாது.

கர்ப்பமாக இருப்பவர்களும், கர்ப்பத்துக்கு முயல்பவர்களும் இதைத் தொடக்கூடாது. ஜி6பிடி என்ற நொதி பிறவியிலேயே குறைவாக உள்ளவர்களுக்கும் ஆகாது. பாகல் விதையில் இருக்கும் வைசின் என்ற பொருள் அவர்களது இரத்தச் சிவப்பணுக்களை உடைக்கக்கூடும். ஏதாவது அறுவை சிகிச்சை இருந்தால் இரண்டு வாரம் முன்பே நிறுத்திவிட வேண்டும்.

பாகற்காய்ப் பொரியலோ குழம்போ சாப்பாட்டோடு தாராளமாகச் சாப்பிடுங்கள், அதற்குத் தடையில்லை. 7.9 என்பது கொஞ்சம் அதிகம்தான். அதைக் குறைக்க மாத்திரையை மாற்றுவதா, அளவைக் கூட்டுவதா என்று உங்கள் மருத்துவரிடம் பேசுங்கள். போகும்போது அந்தக் கொடியையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். இதுவரை எத்தனை நாள் குடித்தீர்கள் என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.