ஏ.ஐ.க்குப் படம் தரமாட்டேன் என்று சொல்ல முடியுமா?

கேள்வி: குழந்தைகள் புத்தகங்களுக்குப் படம் வரைவதுதான் 12 ஆண்டுகளாக என் பிழைப்பு. மாதச் சம்பளம் கிடையாது. புத்தகத்துக்கு இவ்வளவு என்று பேசி வாங்குவேன். வழக்கமாக வரையும் பதிப்பகம் இப்போது புதிதாக ஓர் ஒப்பந்தம் அனுப்பியிருக்கிறது. அதில் 'எல்லா உரிமைகளும், உலகம் முழுவதும், நிரந்தரமாக, ஏ.ஐ. பயிற்சி உட்பட' என்று ஒரு வரி. கேட்டால், "புதுச் சட்டம் வந்தால் நீங்கள் மறுக்கவே முடியாது சார், இந்த வரியில் ஒன்றுமில்லை" என்கிறார்கள். கையெழுத்துப் போடலாமா? இன்ஸ்டாகிராமில் இருக்கும் படங்களை அழித்துவிட வேண்டுமா?
- பெயர் வேண்டாம், திருநெல்வேலி

பதில்: அந்த வரி இருக்கும்வரை கையெழுத்துப் போடாதீர்கள். அவர்கள் சொல்வதில் பாதி உண்மை. சொல்லாமல் விட்ட பாதியில்தான் உங்கள் பணம் இருக்கிறது.

'புதுச் சட்டம்' என்று அவர்கள் சொல்வது இன்னும் பரிந்துரைதான். மத்திய அரசின் தொழில் மற்றும் உள்நாட்டு வர்த்தக மேம்பாட்டுத் துறை 2025 ஏப்ரலில் ஒரு குழு அமைத்தது. அந்தக் குழுவின் அறிக்கையில் முதல் பகுதி அதே ஆண்டு டிசம்பரில் வெளியானது. ஏ.ஐ. நிறுவனங்கள் முறைப்படி கைக்கு வந்த படைப்புகளைப் பயிற்சிக்கு, அதாவது ஏ.ஐ.க்கு வரையவும் எழுதவும் கற்றுக்கொடுக்க, பயன்படுத்தலாம், படைப்பாளி தடுக்க முடியாது, நிறுவனம் அதை வைத்துச் சம்பாதிக்கத் தொடங்கியதும் ராயல்டி கட்ட வேண்டும் என்பது அதன் சாரம். விகிதத்தை அரசு நியமிக்கும் குழு முடிவு செய்யும். ஒரே மைய அமைப்பு தொகையை வசூலித்துப் பிரித்துத் தரும். மென்பொருள் நிறுவனங்களின் கூட்டமைப்பான நாஸ்காம் இதற்கு உடன்படவில்லை. அனுமதி கேட்காமலே பயிற்சிக்குப் பயன்படுத்தச் சட்டத்தில் விலக்கே தரவேண்டும் என்பது அவர்கள் வாதம். எதுவாக இருந்தாலும் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தை நாடாளுமன்றம் திருத்திய பிறகே நடைமுறைக்கு வரும்.

இந்தப் பரிந்துரை அப்படியே நிறைவேறினால் நீங்கள் மறுக்க முடியாது என்பது சரி. ஆனால் பணம் வரும். யாருக்கு? உரிமை யார் பேரில் இருக்கிறதோ அவருக்கு. 'ஏ.ஐ. பயிற்சி உட்பட' என்று இன்று எழுதிக் கொடுத்துவிட்டால் நாளைக்கு அந்த ராயல்டியில் உங்களுக்குப் பங்கு கேட்க வழியில்லாமல் போகலாம். ஒன்றுமில்லாத வரி என்றால் அதை எடுத்துவிடச் சொல்லிப் பாருங்கள். அப்போது தெரியும்.

அந்த வரி இப்போது முளைத்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. பதிப்புரிமைச் சட்டத்தின் 2012 திருத்தத்தில், 18ஆம் பிரிவில் ஒரு நிபந்தனை சேர்ந்தது. ஒப்பந்தம் போட்ட நாளில் இல்லாத, அல்லது வணிகப் பயன்பாட்டுக்கு வராத ஒரு பயன்பாட்டு முறைக்கு, அதைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டிருந்தால் ஒழிய, அந்த உரிமை மாற்றம் செல்லாது. 2014இல் நீங்கள் 'எல்லா உரிமையும்' என்று எழுதிக் கொடுத்திருந்தாலும், ஏ.ஐ. பயிற்சி அதில் அடங்காது என்று வாதாட உங்களுக்கு நல்ல இடமிருக்கிறது. இன்று போடும் ஒப்பந்தத்துக்கு அந்தத் துணை கிடையாது. அதனால் பழைய ஒப்பந்தங்களைத் தூக்கிப் போடாதீர்கள். புதிய ஒப்பந்தத்தில் 'இதற்கு முன் வரைந்த படங்களுக்கும் பொருந்தும்' என்று எங்காவது இருக்கிறதா பாருங்கள். பெரும்பாலும் கடைசிப் பக்கங்களில் இருக்கும். இருந்தால் முதலில் அதை அடியுங்கள்.

சம்பளத்தில் இல்லாமல் தனியாகத் தொழில் செய்யும் ஓவியர்கள் பலர் கவனிக்காத பள்ளம் 17ஆம் பிரிவின் 'பி' உட்பிரிவு. பொதுவாக, வரைந்தவர்தான் முதல் உரிமையாளர். ஆனால் பணம் பேசி ஒருவர் கேட்டுக்கொண்டதன்பேரில் எடுத்த போட்டோ, வரைந்த ஓவியம், உருவப்படம் ஆகியவற்றுக்கு, வேறு மாதிரி ஒப்பந்தம் இல்லாவிட்டால், கேட்டவரே முதல் உரிமையாளர். கதைப் புத்தகத்துக்கான கோட்டுப்படம் இதில் சொல்லும் 'ஓவியம்' ஆகுமா என்று வழக்கறிஞர்கள் மல்லுக்கட்டலாம். உங்கள் 12 ஆண்டு உழைப்பை அந்த வாதத்தின் மேல் வைக்க வேண்டாம். வேலை தொடங்குமுன், முன்பணம் வாங்கும்போதே, இரு தரப்பும் கையெழுத்திட்ட ஒரு பக்கத்தில் இப்படி இருக்கட்டும்: 'இந்தப் படங்களின் பதிப்புரிமை ஓவியருடையது. இந்தப் புத்தகத்தின் தமிழ் அச்சுப் பதிப்பிலும் மின்னூலிலும் வெளியிடும் உரிமை மட்டும் பதிப்பகத்துக்கு ... ஆண்டுகளுக்கு, ... எல்லைக்குள் வழங்கப்படுகிறது. ஏ.ஐ. பயிற்சிக்கான உரிமையும், அதற்காகச் சட்டப்படி வரும் தொகையும் ஓவியருக்கே.'

காலம், எல்லை இரண்டையும் எழுதச் சொல்வதற்குக் காரணம் 19ஆம் பிரிவு. உரிமை மாற்றம் எழுத்தில், கொடுப்பவர் கையெழுத்தோடு இருக்க வேண்டும். காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டு. எல்லை குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும். வாங்கியவர் ஓராண்டுக்குள் உரிமையைப் பயன்படுத்தவில்லை என்றால் அது காலாவதி. இந்தக் கடைசிச் சலுகையை மட்டும் ஒப்பந்தத்திலேயே தட்டிப் பறிக்கலாம், பறிக்கவும் செய்கிறார்கள். '19(4) பிரிவு இந்த ஒப்பந்தத்துக்குப் பொருந்தாது' என்று ஆங்கிலத்தில் ஒரு வரி இருந்தால், அதுதான் இது. அடித்துவிடுங்கள்.

பரிந்துரையில் எனக்கு உறுத்துவது ஒன்று. வசூலான தொகை, உறுப்பினர் சங்கங்கள் வழியாகவே படைப்பாளிக்கு வந்து சேரும் என்பது திட்டம். பாட்டு எழுதுபவருக்கும் இசையமைப்பவருக்கும் ஐ.பி.ஆர்.எஸ். இருக்கிறது. எழுத்தாளருக்கும் பதிப்பாளருக்கும் ஐ.ஆர்.ஆர்.ஓ. இருக்கிறது. புத்தக ஓவியருக்கு அப்படிச் சொல்லிக்கொள்ளும்படி ஒன்றும் இல்லை. வாய்க்கால் வெட்டாத வயலுக்கு அணை திறந்து என்ன பயன்? நீங்கள் தனியாளாக இதைச் சரிசெய்ய முடியாது. உங்கள் ஊரில் வரைபவர்கள் பத்துப் பேர் சேர்ந்து, குழுவை அமைத்த அந்த மத்திய அரசுத் துறைக்கு எழுதுங்கள். 'ஓவியர்களுக்குத் தனிப்பிரிவு வேண்டும், சங்கம் இல்லாதவருக்கும் தொகை நேரடியாக வர வேண்டும்' என்பதே கோரிக்கையாக இருக்கட்டும். 'ஏ.ஐ. வேண்டாம்' என்று எழுதுவதைவிட அதற்கு மதிப்பு அதிகம்.

அதுவரை இன்றைய சட்டம்தான். மின்னணு வடிவில் சேமிப்பதுகூட 14ஆம் பிரிவின்படி உரிமையாளர் கையில்தான். பயிற்சிக்காக நகலெடுப்பது, அனுமதி தேவைப்படாத 'நியாயமான பயன்பாட்டில்' சேருமா என்பது ஏ.என்.ஐ. செய்தி நிறுவனம், சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓபன் ஏ.ஐ. மீது 2024 நவம்பரில் டெல்லி உயர் நீதிமன்றத்தில் தொடுத்த வழக்கில் எழுந்த கேள்வி. ஒன்றை மட்டும் எதிர்பார்க்காதீர்கள்: உங்கள் பாணியில் யாரோ ஏ.ஐ.யைக் கொண்டு புதுப்படம் போட்டால், பாணிக்குப் பாதுகாப்பு கிடையாது. குறிப்பிட்ட ஒரு படத்தையோ நீங்கள் உருவாக்கிய பாத்திரத்தையோ நகலெடுத்திருந்தால்தான் கேட்க முடியும்.

இன்ஸ்டாகிராம் படங்களை அழிக்க வேண்டாம். வேலை வருவதே அதன் வழியாக என்றால் அழிப்பது உங்களுக்குத்தான் நஷ்டம். ஏற்கெனவே பயிற்சிக்கு எடுத்துக்கொண்ட படம் போனது போனதுதான், அழித்தால் திரும்பாது. சிறிய அளவில் போடுவது நல்லது. ஏ4 பக்கத்தை 300 டி.பி.ஐ.யில் அச்சடிக்க 2480-க்கு 3508 பிக்சல் வேண்டும். நீங்கள் 1080 அகலத்தில் போட்டால் அச்சுத் திருட்டு குறையும். பயிற்சியை அது தடுக்காது. படம் போடும் ஏ.ஐ.யான ஸ்டேபிள் டிஃப்யூஷனின் முதல் பதிப்புகளே 512 பிக்சல் சதுரமாகச் சுருக்கிய படங்களில் பயின்றவை. கையெழுத்தை ஓரத்தில் போடாமல், வெட்டினால் படமே கெடும் இடத்தில் போடுங்கள். யாராவது திருடிப் போட்டிருந்தால் அந்தத் தளத்துக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். பதிப்புரிமை விதி 75-ன்படி அந்தத் தளம் 36 மணி நேரத்துக்குள் நடவடிக்கை எடுக்க வேண்டும்; 21 நாளுக்குள் நீங்கள் நீதிமன்ற உத்தரவு கொண்டுவராவிட்டால் படத்தைத் திரும்பப் போட்டுவிடலாம்.

பதிப்புரிமையை அரசிடம் பதிவு செய்வது கட்டாயமில்லை, வரைந்தவுடனேயே உரிமை வந்துவிடுகிறது. ஆனால் பதிவேடு நீதிமன்றத்தில் முதல்நிலைச் சான்று. ராயல்டிக்கு ஒரு தரவுத்தளம் வரும் நாளிலும் உதவும். எல்லாவற்றையும் பதியாதீர்கள். திரும்பத் திரும்ப வரும் பாத்திரங்கள் போதும். ஒரு படைப்புக்குக் கட்டணம் 500 ரூபாய். பொருட்களின் மேல் பயன்படும் படம் என்றால் 2,000 ரூபாய், அதோடு டிரேட்மார்க் அலுவலகச் சான்றும் கேட்பார்கள். படிவம் 14, ஆட்சேபணைக்கு 30 நாள் காத்திருப்பு. வெளியான புத்தகத்தின் படத்துக்கு விண்ணப்பித்தால் பதிப்பகத்தின் தடையில்லாச் சான்று கேட்பார்கள், அங்கேதான் பலர் முட்டுகிறார்கள். ஆகவே புத்தகம் வருவதற்கு முன்பே விண்ணப்பியுங்கள். பென்சில் வரைவு, லேயர் பிரிந்த மூலக் கோப்பு, அனுப்பிய மின்னஞ்சல் எல்லாவற்றையும் தேதியோடு வைத்திருங்கள். கடைசி ஜேபெக் மட்டும் கையில் இருந்தால் யார் வரைந்தது என்று நிரூபிப்பது கடினம்.

பதிப்பகத்துக்கு இப்போது எழுத வேண்டியது சின்னக் கடிதம்தான். 'ஏ.ஐ. பயிற்சி' என்ற சொற்களை நீக்குங்கள், காலத்தை ஐந்து ஆண்டாக வையுங்கள், பழைய படங்களைச் சேர்க்காதீர்கள் என்று மூன்று கோரிக்கை. முதலாவதற்குச் சம்மதிக்கவே மாட்டோம் என்றால், பயிற்சிக்காக வரும் எந்தத் தொகையிலும் பாதி ஓவியருக்கு, கணக்கோடு, ஆண்டுக்கு ஒருமுறை என்று எழுதி வாங்குங்கள். அதற்கும் மறுத்தால் அந்த உரிமைக்குத் தனி விலை சொல்லுங்கள், வரைவதற்கான கூலியில் கலக்காமல். தொகை பெரிதென்றால் கையெழுத்துக்கு முன் ஒரு பதிப்புரிமை வழக்கறிஞரிடம் காட்டிவிடுங்கள்.