கம்போவை எப்போது கணக்கில் சேர்க்கலாம்?

கேள்வி: அமெரிக்காவில் ஒஹாயோ மாநிலத்துக் கொலம்பஸில் மூன்று வருடமாக இருக்கிறோம். அந்தந்த வட்டாரத்துக்குப் பேர்போன உணவுகள் நூறு அடங்கிய பட்டியல் ஒன்றை ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டி, சாப்பிட்டதையெல்லாம் டிக் செய்துவருகிறேன். 41 ஆகிவிட்டது. விமான நிலையத்தில் சாப்பிட்ட கம்போ என்ற லூசியானாக் குழம்பும், சூப்பர் மார்க்கெட்டில் வாங்கிய கீ லைம் பை என்ற எலுமிச்சை இனிப்பும் கணக்கில் வராது என்கிறார் கணவர். வீட்டில் கம்போ செய்து பார்த்தேன், கசந்துவிட்டது. நாங்கள் மாடும் பன்றியும் சாப்பிட மாட்டோம். கோழி, மீன், இறால், நண்டு உண்டு. எதை எண்ணுவது, எதை விடுவது?
– வாசகி, கொலம்பஸ்

பதில்: அன்புச் சகோதரிக்கு,

உங்கள் கணவர் சொல்வதில் பாதி சரி. விமான நிலையத்தில் சாப்பிட்டீர்கள் என்பதற்காக ஒரு கம்போவைத் தள்ள வேண்டியதில்லை. அந்தப் பண்டத்தை அந்தப் பண்டமாக்குவது எது, அது உங்கள் தட்டில் இருந்ததா என்பதுதான் கேள்வி. பட்டியலில் ஒவ்வொரு பெயருக்கும் எதிரில், சாப்பிடப் போகும் முன்பே, அதன் அடையாளத்தை ஒரு வரியில் எழுதிவையுங்கள். சாப்பிட்ட பிறகு எழுதினால், கிடைத்ததையே அடையாளம் என்று நம்பத் தோன்றும்.

கீ லைம் பையை எடுத்துக்கொள்வோம். ஃப்ளோரிடாவின் இந்தப் பைக்கு அடையாளம் மூன்று: கண்டென்ஸ்டு மில்க், முட்டை மஞ்சள் கரு, சின்ன எலுமிச்சையின் சாறு. கீ லைம் என்பது நம் ஊர்ச் சந்தையில் கிடைக்கும் அதே சிறிய எலுமிச்சை இனம்தான். அமெரிக்கக் கடைகளில் குவிந்திருக்கும் பெரிய, விதையில்லாத பச்சை லைம் வேறு. நல்ல பை வெளிர்மஞ்சளாக இருக்கும். பச்சையாக இருந்தால் யாரோ நிறம் கலந்திருக்கிறார்கள். நீங்கள் வாங்கியது மஞ்சளாக இருந்து, பெட்டியின் மேல் அந்த மூன்று பொருளும் அச்சாகியிருந்தால் டிக் நிற்கட்டும். சந்தேகமாக இருந்தால் வீட்டிலேயே செய்துவிடலாம்: 14 அவுன்ஸ் டின் ஒன்று, மஞ்சள் கரு நான்கு, சாறு அரை கப். புளிப்புப் பட்டதுமே கலவை இறுகத் தொடங்கும். அதைக் கிரஹாம் கிராக்கர் பிஸ்கட் தூளும் வெண்ணெயும் சேர்த்து அழுத்திய தட்டில் ஊற்றி, 350 டிகிரி ஃபாரன்ஹீட்டில் 15 நிமிடம் வைத்தால் போதும். நடுப்பகுதி லேசாக ஆடும்போதே வெளியே எடுங்கள், ஆற ஆற இறுகிவிடும். அதற்கு மேல் விட்டால் மேலே வெடிப்பு விழும்.

இனி கம்போ. கோழிக் கம்போவின் உயிர் ரூவில் இருக்கிறது. ரூ என்பது எண்ணெயில் கருஞ்சிவப்பாக வறுத்த மைதா. உங்களுடையது கசந்ததற்குப் பெரும்பாலும் காரணம் இங்கேதான் இருக்கும்: தீ அதிகம், அல்லது பாத்திரத்தின் மூலையில் ஒட்டிய மாவு காந்திவிட்டது. அடிகனமான பாத்திரத்தில் ஒரு கப் எண்ணெயும் ஒரு கப் மைதாவும் போட்டு, மிதமானதற்கும் சற்றுக் குறைவான தீயில், தட்டை விளிம்புள்ள மரக்கரண்டியால் மூலையெல்லாம் வழித்துக் கிளறுங்கள். குழிக்கரண்டி மூலைக்குப் போகாது. முதல் பத்து நிமிடம் ஒன்றும் நடக்காததுபோல் இருக்கும். அப்போது தீயைக் கூட்டினால் கெட்டது. வெளுப்பு மாறி வேர்க்கடலை வெண்ணெய் நிறம் வரும், பிறகு செம்பு நிறம், கடைசியில் மில்க் சாக்லேட் நிறம். மொத்தம் 30 முதல் 45 நிமிடம். வறுத்த கடலை வாசனை வந்தால் சரியான வழியில் போகிறீர்கள். கருப்புப் புள்ளி ஒன்று தெரிந்தாலும் காந்தல் இறங்கிவிட்டது என்று அர்த்தம். அதைச் சர்க்கரையாலும் தக்காளியாலும் மறைக்க முடியாது. கொட்டிவிட்டு மறுபடி தொடங்குவதுதான் சிக்கனம், ஏனென்றால் அதற்குள் போகப் போகிற கோழியும் இறாலும் மைதாவைவிட விலை அதிகம். கிளறும்போது கை கவனம்: தெறித்தால் தோலில் ஒட்டிக்கொண்டு சுடும்.

நிறம் வந்த நொடியே, முன்கூட்டி நறுக்கி வைத்த வெங்காயம் இரண்டு கப், செலரி ஒரு கப், குடைமிளகாய் ஒரு கப் மூன்றையும் கொட்டுங்கள். நியூ ஆர்லியன்ஸ்காரர்கள் இந்த மூன்றைத்தான் ட்ரினிட்டி என்கிறார்கள். காயின் ஈரம் ரூவின் சூட்டைக் குறைத்து, மேற்கொண்டு கருகாமல் நிறுத்தும். நறுக்கி வைக்காமல் அடுப்பைப் பற்ற வைத்தவர்களுக்கே ரூ பெரும்பாலும் கருகுகிறது. பின்னர் கோழி வேகவைத்த தண்ணீர் இரண்டு லிட்டரைக் கரண்டி கரண்டியாகச் சேர்த்துக் கரையுங்கள். ரூ கறுக்கக் கறுக்க அதன் கெட்டிப்படுத்தும் சக்தி குறையும், மாவுச்சத்து சூட்டில் உடைந்துபோவதால். அதனால் குழம்பு தளர்வாக இருக்கிறதே என்று மாவைக் கூட்டாதீர்கள். கோழித் தொடைத் துண்டுகளோடு ஒரு மணி நேரம் மெதுவாகக் கொதிக்கட்டும்.

கெட்டி வேண்டுமென்றால் வெண்டைக்காய் இருக்கிறது. கம்போ என்ற பெயரே ஆப்பிரிக்க மொழிகளில் வெண்டைக்காயைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. பொரியலுக்கு வதக்குவதுபோலத் தனியாக எண்ணெயில் கொழகொழப்பு அடங்கும்வரை வதக்கிச் சேர்க்க வேண்டும். அல்லது ஃபிலே பொடி: சாஸஃப்ராஸ் மரத்தின் காய்ந்த இலைத்தூள், அந்தப் பகுதியின் சாக்டா பழங்குடி மக்களிடமிருந்து வந்தது. அதை அடுப்பை அணைத்த பிறகே தூவுங்கள். கொதிக்கும் குழம்பில் விழுந்தால் நூல் நூலாக இழுக்கும். இறால் கடைசி நான்கு நிமிடம்தான். சோறு தனியே வடித்து, கிண்ணத்தில் வைத்து, மேலே ஊற்றிச் சாப்பிடுங்கள். கம்போவில் வழக்கமாகப் போடும் அன்டூயி சாசேஜ் பன்றி என்பதால், புகையூட்டிய கோழி சாசேஜ் வாங்குங்கள். ஆனால் உள்ளே கோழி இருந்தாலும் மேல்உறை பன்றிக் குடலாக இருப்பதுண்டு, லேபிளைப் படியுங்கள். இப்படிச் செய்த கம்போவை நான் தயங்காமல் எண்ணுவேன், ‘வீட்டில்’ என்ற தனிப் பத்தியில். ‘ஊரில்’ என்ற பத்தி காலியாகவே இருக்கட்டும். நியூ ஆர்லியன்ஸ் போகும் நாளில் அது நிரம்பும். அப்போது பென்யே என்ற பொரித்த மாவுப் பலகாரத்தைச் சாப்பிட்டு, சிக்கரி கலந்த காபியும் குடியுங்கள். ஃபில்டர் காபி பழகிய நாக்குக்கு அந்தச் சிக்கரிக் கசப்பு அந்நியமாகத் தெரியாது.

சில பண்டங்களுக்கு ‘வீட்டில்’ பத்தியே கிடையாது. விஸ்கான்சினின் சீஸ் கர்ட்ஸ் என்ற புதுச் சீஸ் துண்டுகள் பல்லில் பட்டதும் கீச்சென்று சத்தமிட வேண்டும். செய்து ஓரிரு நாளில், குளிரூட்டினால் அதற்கு முன்னரே, அந்தச் சத்தம் போய்விடும். வெர்மான்ட்டில் மார்ச் மாதம் மேப்பிள் பாகை 234 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு, அதாவது நம் உருட்டுப் பதத்துக்குக் காய்ச்சி, அழுத்திய சுத்தமான பனியில் ஊற்றுவார்கள். ஜவ்வு மிட்டாய்போல் சுருண்டுவரும். கூடவே சாதா டோனட்டும் புளிப்பு ஊறுகாய் வெள்ளரியும் தருவார்கள். வெள்ளரியைத் தொடாமல் வந்தால் பாதிதான் சாப்பிட்டீர்கள், ஏனென்றால் திகட்டலை முறித்து அடுத்த வாய்க்குத் தயாராக்குவது அதுதான். நாஷ்வில் காரக் கோழிக்கு அடியில் இருக்கும் வெள்ளை ரொட்டியும் அப்படித்தான். மிளகாய் எண்ணெய் இறங்கிய அந்த ரொட்டியையும் சாப்பிட்டால்தான் டிக்.

அந்தக் கோழியிலேயே ஒரு எச்சரிக்கையும் உண்டு: மேலே பூசும் மிளகாய்க் குழம்பைச் சில கடைகளில் லார்டில், அதாவது பன்றிக் கொழுப்பில் குழைப்பார்கள். அமெரிக்கத் தெற்கில் ‘காய்கறி’ என்று மெனுவில் இருப்பதெல்லாம் உங்களுக்கு ஆகாது. காலர்ட் கீரை, சிவப்பு பீன்ஸ், தட்டைப்பயறும் சோறுமான ஹாப்பின் ஜான் எல்லாம் பன்றிக் காலோடோ ஹாம் எலும்போடோ வேகும். சோள ரொட்டிச் சட்டியில் பேக்கன் நெய் தடவுவார்கள். நியூ இங்கிலாந்தின் சிப்பி சூப்பான கிளாம் சவுடர் உப்புப் பன்றியில் தாளித்தே தொடங்கும். “இதில் இறைச்சி உண்டா?” என்று கேட்டால் இல்லை என்பார்கள், பொய் சொல்வதாக நினைக்காமலே. “ஹாம், பேக்கன், லார்ட் சேர்த்து வேகவைத்ததா?” என்று பெயர் சொல்லிக் கேளுங்கள்.

ஆகவே நூறு என்ற எண்ணை விட்டுவிடுங்கள். டெக்சஸ் பிரிஸ்கெட், ஃபிலடெல்ஃபியா சீஸ்ஸ்டேக், உங்களுக்குப் பக்கத்திலேயே இருக்கும் சின்சினாட்டி சில்லி என்று மாட்டிறைச்சிப் பண்டங்கள் எல்லாவற்றையும் அடித்துவிடுங்கள். கோழி போட்ட சீஸ்ஸ்டேக் சுவையாக இருக்கலாம், ஆனால் அது வேறு பண்டம். காலியான இடத்தில் உங்களால் முழுதாகச் சாப்பிடக்கூடியவற்றை எழுதுங்கள். அலபாமாவின் டிகேட்டர் ஊரில் 1925 வாக்கில் தொடங்கிய வெள்ளைச் சாஸ் கோழி: புகையில் வெந்த முழுக் கோழியை மயோனெய்ஸ், வினிகர், மிளகுக் கலவையில் முக்கி எடுப்பார்கள். மேரிலாந்து நீலநண்டு: அங்கே தண்ணீரில் வேகவைப்பதில்லை, மசாலாவை ஓட்டின்மேல் அப்பி ஆவியில் அவிப்பார்கள். இலையுதிர் காலத்தில் சதை கனமாக இருக்கும். மெய்ன் லாப்ஸ்டர் ரோல் குளிர்ச்சியாக மயோனெய்ஸோடு, கனெக்டிகட்டில் சூடாக வெண்ணெயோடு. இரண்டையும் இரண்டாகவே எண்ணுங்கள். தென் கரோலினாவில் சாலையோரம் விற்கும் அவித்த வேர்க்கடலை அந்த மாநிலத்தின் அதிகாரபூர்வ நொறுக்குத் தீனி, 2006 முதல். சார்ல்ஸ்டன், சவானா பக்கம் கன்ட்ரி கேப்டன் கிடைத்தால் விடாதீர்கள். கறித்தூள், தக்காளி, உலர்திராட்சை, பாதாம் சேர்ந்த கோழிக் குழம்பு அது. பிரிட்டிஷ் இந்தியாவிலிருந்து கப்பலேறிப் போனது, சென்னை ஆங்கிலோ இந்தியர் வீடுகளிலும் இதே பெயரில் உண்டு. மேலே பேக்கன் தூவாமல் தரச் சொல்லுங்கள்.

குறிப்பேட்டில் தேதி, ஊர், அடையாளம் இருந்ததா, கூட என்ன வந்தது, மறுபடி சாப்பிடுவீர்களா என்று ஐந்து மட்டும், மேசையை விட்டு எழும் முன்பே எழுதுங்கள். இருவருக்கு ஒரு தட்டு போதும். ஒரே நாளில் மூன்றுக்கு மேல் வேண்டாம், நான்காவதைப் பற்றி எழுதியதை நீங்களே நம்ப மாட்டீர்கள்.

பழைய 41ஐப் பென்சிலில் வைத்து ஒவ்வொன்றாகப் பாருங்கள். அடையாளம் நினைவுக்கு வராதவற்றை அழியுங்கள். எண் இறங்கினால் வருந்தாதீர்கள், உங்கள் வாசற்படியிலேயே புதிதாக ஒன்று காத்திருக்கிறது: பாபா (pawpaw). சீத்தாப்பழக் குடும்பத்தைச் சேர்ந்த காட்டுப் பழம், ஒஹாயோவின் மாநில நாட்டுப்பழம். பழுத்தால் இரண்டு மூன்று நாள்தான் தாங்கும், அடிபட்டால் உடனே கறுக்கும். அதனால்தான் சூப்பர் மார்க்கெட்டுக்கு வருவதேயில்லை. செப்டம்பர் நடுவில் தெற்கே ஆல்பனி ஊரில் அதற்கென்றே திருவிழா நடக்கும், காரில் ஒன்றரை மணி நேரம். லேசாக அழுத்தினால் குழியும் பழமாக எடுத்து, குறுக்கே வெட்டி, கரண்டியால் சதையை மட்டும் சாப்பிடுங்கள். தோலும் விதையும் வயிற்றுக்கு ஆகாது. முதல் முறை என்பதால் ஒரு பழத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள், சிலருக்குக் குமட்டும்.