மின்னணுவியல் கேள்வி–பதில்: கம்பியைப் பிடுங்கினால் மயங்கும் கன்ட்ரோலர்

கேள்வி: நான் பலதுறைத் தொழிற்கல்லூரியில் மின்னணுவியல் பயிலும் மாணவன். செயல்திட்டத்திற்காக இஎஸ்பி32 (புளூடூத் வசதியுள்ள சிறு கணினிச் சில்லு) பலகை, ஒரு ஜாய்ஸ்டிக், எட்டுப் பொத்தான்கள் ஆகியவற்றைக் கொண்டு, புளூடூத்தில் இயங்கும் கேம் கன்ட்ரோலர் ஒன்றைச் செய்திருக்கிறேன். மடிக்கணினியின் யூஎஸ்பி கம்பியில் இருக்கும்வரை பிசகின்றி இயங்குகிறது. 3.7 வோல்ட் லித்தியம் மின்கலத்தை மின்சாரம் உள்ளே செல்லும் ‘விஐஎன்’ முனையில் இணைத்தாலோ, கைபேசியுடன் இணையப் போகும் நேரத்தில் அணைந்து அணைந்து எரிகிறது. நிரலில் பிழையா?
– உட்லண்ட்ஸ் வாசகர்

பதில்: நிரலைத் தொடாதீர்கள், குறை மின்சாரம் வரும் வழியில் இருக்கிறது. பலகையில் யூஎஸ்பி முனைக்கு அருகே, ஒருபுறம் மூன்று கால்களும் மறுபுறம் அகலமான ஒரு பட்டையும் கொண்ட கறுப்புச் சில்லு தெரிகிறதா? அது பெரும்பாலும் ஏஎம்எஸ்1117 வகை மின்னழுத்தச் சீராக்கியாகவே இருக்கும். தான் தர வேண்டியதைவிட ஏறக்குறைய 1.1 வோல்ட் கூடுதலாக உள்ளே வந்தால்தான் அதனால் இஎஸ்பி32க்கு வேண்டிய 3.3 வோல்ட்டைத் தர முடியும். யூஎஸ்பியின் 5 வோல்ட் அதற்குத் தாராளம். மின்கலமோ முழுதாக மின்னேறிய நிலையிலேயே 4.2 வோல்ட்தான், அது 3.7க்கு இறங்கும்போது இஎஸ்பி32க்கு எஞ்சுவது 2.6 வோல்ட் அளவே. பொத்தான்களை மட்டும் கவனித்துக்கொண்டிருக்கும்வரை இஎஸ்பி32 அதையும் பொறுத்துக்கொள்ளக்கூடும். புளூடூத் அலைபரப்பி விழித்ததும் மின்னோட்டம் சட்டென்று ஏற, மின்னழுத்தம் மேலும் சரிந்து, அதன் உள்ளிருக்கும் காவல் சுற்று இஎஸ்பி32ஐ மறுபடி தொடங்கவைத்துவிடுகிறது. அப்போது வரும் எச்சரிக்கைச் செய்தி கணினித் திரையில்தான் தெரியும்; கம்பியைப் பிடுங்கிய பிறகே கோளாறு வருவதால் உங்கள் கண்ணில் அது படவில்லை. இதே தவற்றைச் செய்துவிட்டு நான் இரண்டு இரவுகள் நிரலை வரிவரியாகத் துழாவியிருக்கிறேன்.

மின்கலத்தில் இயக்கியபடியே 3.3 வோல்ட் முனையில் மல்டிமீட்டரை வைத்துப் பாருங்கள். 3 வோல்ட்டுக்குக் கீழே காட்டினால் ஐயமில்லை. எச்டி7833 போன்ற, மிகக் குறைந்த இழப்புள்ள சீராக்கி ஒன்றின் வழியாக மின்கலத்தை நேரே 3.3 வோல்ட் முனையில் இணைத்து, அம்முனைக்கு ஒட்டினாற்போல் 100 மைக்ரோஃபாரட் மின்தேக்கி ஒன்றையும் வையுங்கள். நிரல் ஏற்றும்போது மின்கலத்தைக் கழற்றிவிட வேண்டும். 5 வோல்ட்டுக்கு உயர்த்தும் பலகையை இடையில் வைத்தாலும் வேலை நடக்கும். ஆனால் உயர்த்தியதை மறுபடி 3.3க்கு இறக்குவதில் மூன்றில் ஒரு பங்கு வெப்பமாகப் போய்விடும் என்பதால் எனக்கு அதில் மனமில்லை. உதிரிபாகங்களுக்குச் சிங்கப்பூர் ஜாலான் புசாரில் உள்ள சிம் லிம் டவருக்குச் செல்லுங்கள். சிலர் பெயரில் குழம்பி சிம் லிம் ஸ்குவேரில் தேடி அலைகிறார்கள்.

நீங்கள் கேட்காத ஒன்று: டிபி4056 மின்னேற்றிப் பலகைகள் பொதுவாக 1.2 கிலோஓம் மின்தடையுடன் வருவதால் 1 ஆம்பியர் அளவில் மின்னேற்றுகின்றன. உங்கள் மின்கலம் 500 மில்லிஆம்பியர்-மணி போன்ற சிறியதாக இருந்தால், அது மிகையான வேகம். அம்மின்தடையை 3 கிலோஓமாக மாற்றினால் 400 மில்லிஆம்பியருக்கு இறங்கும்.

கேள்வி: நானும் இஎஸ்பி32 கொண்டு ஒரு கன்ட்ரோலர் செய்தேன். ஜாய்ஸ்டிக்கிலிருந்து கையை எடுத்த பிறகும் திரையில் கார் இடப்பக்கமே சாய்கிறது. புதிதாக வாங்க வேண்டுமா?
– தெம்பனிஸ் வாசகி

பதில்: வேண்டாம். இஎஸ்பி32 ஜாய்ஸ்டிக்கின் நிலையை 0 முதல் 4095 வரையிலான எண்ணாகப் படிக்கிறது. நடுநிலை 2048 என்று நிரலில் எழுதிவிடுகிறோம்; ஜாய்ஸ்டிக்கை நடுவுக்குத் திருப்பும் சுருள்வில்லுக்கு அந்தக் கணக்கு தெரியாது, 1900க்கு அருகே நின்றுவிடுகிறது. கருவி தொடங்கும்போது, கை படாத நிலையில், ஐம்பது முறை படித்துச் சராசரியை நடுநிலையாக வைத்துக்கொண்டு, அதன் இருபுறமும் நூறு எண் அளவுக்கு அசைவைப் பொருட்படுத்தாமல் விடுங்கள். ஜாய்ஸ்டிக் பலகையில் ‘5 வோல்ட்’ என்று அச்சிட்டிருந்தாலும் 3.3 வோல்ட்டையே கொடுங்கள். இஎஸ்பி32இன் கால்கள் 5 வோல்ட்டைத் தாங்கா.