டெம்ப் கோப்பு அழிய மறுத்தால் ஷட்டவுன் போதாது

டெம்ப் ஃபோல்டரில் (புரோகிராம்கள் தற்காலிகக் கோப்புகளைப் போட்டுவைக்கும் இடம்) சில கோப்புகள் 'வேறொரு புரோகிராமில் திறந்திருக்கிறது' என்று அழிய மறுப்பதாகவும், ஷட்டவுன் செய்து பார்த்தும் பலனில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். விண்டோஸ் 10-இல் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் (கணினியைச் சீக்கிரம் தொடங்க வைக்கும் வசதி) இயங்கினால், ஷட்டவுன் கொடுத்தாலும் கெர்னலும் (விண்டோஸின் மையப்பகுதி) டிரைவர்களும் (வன்பொருளை இயக்கும் மென்பொருட்கள்) இருந்த நிலையிலேயே டிஸ்க்கில் சேமிக்கப்பட்டு, மறுபடி அப்படியே எழுந்து வரும். ரீஸ்டார்ட் கொடுத்தால்தான் எல்லாம் புதிதாகத் தொடங்கும். அதனால் ரீஸ்டார்ட் செய்துவிட்டு, வேறெதையும் திறக்காமல் அழித்துப் பாருங்கள்.

அப்புறமும் அடம்பிடித்தால், விண்டோஸிலேயே இருக்கும் ரிசோர்ஸ் மானிட்டரில் சிபியு டேபுக்குப் போய், 'அசோசியேட்டட் ஹேண்டில்ஸ்' (எந்த புரோகிராம் எதைத் திறந்து வைத்திருக்கிறது என்ற பட்டியல்) தேடல் பெட்டியில் கோப்பின் பெயரைக் கொடுங்கள். யார் பிடித்து வைத்திருக்கிறார்கள் என்று தெரிந்துவிடும். சாதாரண புரோகிராம் என்றால் மூடிவிட்டு அழிக்கலாம். ஆன்ட்டிவைரஸ் என்றால் விட்டுவிடுங்கள், சில கிலோபைட் இடத்துக்காக அதனோடு மல்லுக்கட்ட வேண்டாம். பூட்டிய கோப்பை விடுவிக்கிறேன் என்று வரும் கண்ட கண்ட 'அன்லாக்கர்' மென்பொருளையும் இறக்காதீர்கள்.